மூன்று முதல் ஆறு வரை

ஜூன் 3, செவ்வாய்

ரெஜீன் காலையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு மாடி ஏறி வந்தாள். என் கொழுந்தன் சவரியின் மகள். கீழ்த்தளத்தில் இருக்கும் பல் கூடத்தை இப்போது அப்பாவும் மகளும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். என் கணவர் அமலோர் தொடங்கிய கூடம் அது. மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். பல்லைச் செய்து திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. இப்படி ஒரு தொழில் இருப்பதே பலருக்குத் தெரியாது. மருத்துவரே உட்கார்ந்து பல்லையும் செய்துவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

துலூஸ் நகரத்தில் சில பல் மருத்துவமனைகளைச் சேர்த்து நடத்தும் ஒரு நிறுவனம் தங்கள் வேலையைப் புதுச்சேரிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறதாம். அதற்கு முன் எங்கள் இயந்திரங்களின் பாதுகாப்பை பிரெஞ்சு விதி, அமெரிக்க விதி, நம் நாட்டு விதி மூன்றோடும் ஒப்பிட்டு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ரெஜீன் கணினியிடம் மொழிபெயர்க்கக் கொடுத்துப் பார்த்தாளாம். உலோகம் உருக்கும் உலையை அது சமையல் அடுப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறது.

"பெரியம்மா, ரெண்டு பாஷையும் ஒழுங்கா படிச்சவங்க இந்த வீட்ல நீங்க ஒருத்தர்தான். கான்வென்ட் படிப்புக்கு இப்பவாவது ஒரு பிரயோஜனம் இருக்கட்டுமே" என்றாள்.

இப்பவாவதா? இந்தத் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தது யார்? கேட்கவில்லை. வைத்துவிட்டுப் போ என்றேன்.

படியில் இறங்கப் போனவள் திரும்பி வந்தாள். அப்பாவின் இருமல் குறையவே இல்லை, எக்ஸ்ரே எடுக்க வரமாட்டேன் என்கிறார், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார் என்றாள். சவரிக்குச் சின்ன வயதிலிருந்தே எதற்கும் இருமல்தான். சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 4, புதன்

பெரிய தாள் வாங்கிவரச் சொல்லி, நான்கு பத்திகளாகக் கோடு போட்டேன். பிரான்ஸ், அமெரிக்கா, இந்தியா. நான்காவது, நம் கூடத்தின் நடைமுறை. அடிமட்டம் மதர் க்ளெமான்ஸ் கொடுத்தது. பள்ளியின் கடைசி வருடத்தில், வகுப்பிலேயே கோணாமல் கோடு போடுகிறவள் நான்தான் என்று சொல்லிக் கொடுத்தார். கருங்காலி மரம். இன்னும் ஒரு முனை கூட உடையவில்லை. மதர் இருந்திருந்தால் ரெஜீன் கொண்டுவந்த காகிதக் கட்டைப் பார்த்து, ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தாமல் தொடக்கூட மாட்டார்.

ஜூன் 6, வெள்ளி

நாட்டுக்கு நாடு சட்டத்தின் சுபாவமே வேறு. அமெரிக்கர்கள் நாளைக்கே வழக்கு வரப்போகிறது என்பதுபோல் எழுதுகிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லிவிட்டுத்தான் வாக்கியத்துக்கு வருகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் முதலாளியை ஒரு வகுப்பாசிரியராக நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள்: கைக்கு எதுவும் படாமல் பார்த்துக்கொள், காற்று வருகிறதா என்று பார், சொல்லிக்கொடுத்தாயா என்று பார். நம்முடையது வெள்ளைக்காரன் விட்டுப்போன நாற்காலி. கால் மாற்றியிருக்கிறோம், சாய்மானம் மாற்றியிருக்கிறோம், உட்காருகிற விதம் பழையதுதான். அதோடு நம் சட்டம் முதலில் ஆட்களை எண்ணுகிறது. கீழே சவரி, ரெஜீன், வேலைக்கு இருவர். அந்த எண்ணிக்கைக்குள் நாங்கள் வரவே இல்லை. ஆகவே மூன்றாவது பத்தியில் நிறைய இடம் காலியாக இருக்கிறது. காலியாக விடுவது எனக்குப் பிடிக்காது. "பொருந்தாது" என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுதினேன்.

உலைக்குக் கதவுப் பூட்டு. சுழலும் கருவிக்கு மூடி. மின்கம்பிக்கு நில இணைப்பு. இவையெல்லாம் கீழே ஒழுங்காக இருக்கின்றன. அவர் ஏற்படுத்திய ஒழுங்கு.

ஜூன் 8, ஞாயிறு

பூசையில் சவரி எனக்குப் பின் வரிசையில் இருந்தான். பிரசங்கம் முழுவதும் இருமினான். சாமியார் இரண்டு முறை நிறுத்திப் பார்த்தார். வெளியே வந்ததும் எக்ஸ்ரே பற்றிச் சொன்னேன். "அண்ணனுக்கும் இப்படித்தானே இருந்துச்சு அண்ணி. நம்ம குடும்ப இருமல்" என்று சிரித்தான். சிரிப்பும் இருமலில்தான் முடிந்தது.

அவர் மாதிரியேதான் வேலை செய்கிறான். அவர் கையில் பழகியவன், வேறு எப்படி இருப்பான்? பல்லை அரைப்பார், உதட்டருகே கொண்டுபோய் ஒரு ஊது ஊதுவார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். மறுபடி அரைப்பார், மறுபடி ஊதுவார். அமலோர் ஊதாத பல் வாயில் உட்காராது என்று மருத்துவர்கள் கேலி செய்வார்கள். பல் மட்டுமா? என் மூக்குக் கண்ணாடி, சதுரங்கக் காய், கணக்குப் போட்ட காகிதம், எல்லாவற்றையும் ஊதித்தான் கீழே வைப்பார். நான் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தும்போது பின்னால் வந்து நின்று சிவப்பு மையை ஊதிக் காயவைப்பார். கல்யாணத்தன்று பீடத்தின் முன்னால், மோதிரத்தை என் விரலில் போடுவதற்கு முன்பு பழக்க தோஷத்தில் ஊதிவிட்டார். சாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் அம்மாவுக்கு மட்டும் கடைசிவரை அதில் வருத்தம்தான்.

ஜூன் 11, புதன்

தூசி உறிஞ்சிக்கு வந்துவிட்டேன். அரைக்கும் மேசையின் முன்னால் ஒரு வாய், அதிலிருந்து குழாய், கீழே ஒரு மோட்டார். எழுபதுகளின் கடைசியில் இங்கே சில வருடம் இருந்த ஒரு பிரெஞ்சுப் பல் மருத்துவர், ஊருக்குத் திரும்பிய பிறகு என் கணவருக்காகக் கப்பலில் அனுப்பிவைத்தது. மரப்பெட்டியை உடைத்த நாளில் தெருவே வந்து பார்த்தது. அதன் சத்தம் எப்படி இருக்கும் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. தரை அதிரும். மாடியில் தம்ளருக்குள் தண்ணீர் ஆடும்.

மூன்று மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். ஆறு வரை பாடம். பிரெஞ்சு மூக்கொலிகளை அந்த இரைச்சலில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ஒரு நாள் பொறுத்தேன். மறுநாள் மதர் க்ளெமான்ஸின் அடிமட்டத்தால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினேன். உடனே சத்தம் நின்றது. அதன் பிறகு தட்டவேண்டிய நாட்களே குறைவு. மூன்று மணியானால் தானாகவே கீழே அடங்கிவிடும். என் பாடத்துக்காக ஒரு மனிதர் தன் வேலையையே நிறுத்தி வைத்தார். அந்தக் காலத்தில் எத்தனை மனைவிகளுக்கு அது கிடைத்தது? பாடம் நின்று வருடக்கணக்காகிறது, இன்னும் சவரி அந்த மரியாதையைக் காப்பாற்றுகிறான். என் பிற்பகல் வாசிப்புக்கு இந்த வீட்டில் ஈ எறும்பு கூட இடைஞ்சல் செய்யாது.

ஜூன் 12, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. முத்திரை தளர்ந்திருந்தது. திருப்பி அனுப்பினேன்.

ஜூன் 16, திங்கள்

பிரெஞ்சு விதியில் உறிஞ்சி பற்றிய பகுதியின் கீழே, காற்றில் கலக்கும் பொடிக்கு இணைப்பைப் பார்க்க என்று இருக்கிறது. ரெஜீன் கொடுத்த காகிதங்களில் அந்த இணைப்பு இல்லை. ரெஜீனைக் கூப்பிட்டுக் கேட்டேன். நிறுவனம் இயந்திரங்களைப் பற்றித்தான் கேட்டிருக்கிறது, அது தேவைப்படாது என்றாள். தேவைப்படாத ஒன்றைப் பார்க்கச் சொல்லிச் சட்டத்தில் எழுதமாட்டார்கள் என்றேன். அச்செடுத்து வரச் சொன்னேன். அமெரிக்கர்களுடையதையும் சேர்த்து.

ஜூன் 19, வியாழன்

இணைப்பு வந்தது. படித்தேன்.

உலோகத்தை உருக்கி ஊற்றுவதற்கு முன், மெழுகில் செய்த பல்லைச் சுற்றி ஒரு வெள்ளைப் பொடியைக் குழைத்து அச்சாக்குவார்கள். ஊற்றி ஆறிய பிறகு அச்சை உடைத்துப் பல்லை எடுக்க வேண்டும். அந்தப் பொடியில் சிலிக்கா இருக்கிறது. அதில் ஒரு வகைக்குத் தனிப் பெயரே இருக்கிறது, கிரிஸ்டோபலைட். ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு மில்லிகிராமின் இருபதில் ஒரு பங்குக்கு மேல் அது இருக்கக்கூடாது என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்கிறார்கள். அமெரிக்கர்களும் அதே அளவைத்தான் சொல்கிறார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாத இருவர் இதில் ஒத்துப்போகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு அது. பொடி எழும் இடத்திலேயே அதை உறிஞ்சிவிட வேண்டும் என்று இவர்களும் சொல்கிறார்கள், அவர்களும் சொல்கிறார்கள். வேறு வழி இருக்கும்போது உலர்ந்த பொடியைப் பெருக்கக்கூடாது, காற்றால் ஊதித் தள்ளக்கூடாது என்று அமெரிக்கர்கள் எழுதியிருக்கிறார்கள்.

குழாய்க் காற்றைத்தான் சொல்கிறார்கள். வாயால் என்று எழுதவில்லை. வாயால் ஊதுவார்கள் என்று எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

நான்காவது பத்தியில் அந்தக் கட்டத்தை இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டேன். உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. எனக்கு உப்பு கூடுவதில்லை.

ஜூன் 23, திங்கள்

உறிஞ்சியின் தகட்டில் இருக்கும் எண்ணும் வருடமும் அட்டவணைக்குத் தேவைப்பட்டன. ரெஜீனைக் கேட்டால் ஒரு எழுத்தாவது விட்டுவிடுவாள். நானே போய்ப் பார்த்துவிடலாம் என்று கைத்தடியோடு இறங்கினேன். மணி மூன்றரை இருக்கும். கூடம் ஓய்ந்திருக்கும் நேரம், யாருக்கும் இடைஞ்சல் இருக்காது என்றுதான் அந்த நேரத்தில் போனேன்.

கூடம் ஓய்ந்திருக்கவில்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. விளக்கு எரிந்தது. சவரி மேசையில் குனிந்து, அச்சை உடைத்து எடுத்த பற்களைக் கைக்கருவியால் அரைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கருவியின் சன்னமான சத்தம் மாடிப்படி வரைகூட வராது. பக்கத்தில் இரண்டு பேரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. சவரி பல்லை உதட்டருகே கொண்டுபோய் ஊதினான். அவர் ஊதுவது போலவே, கன்னத்தைக் கொஞ்சம் உப்பி. ஒரு நொடி நான் படியில் அப்படியே நின்றுவிட்டேன். பிறகு அவன் இருமினான்.

உறிஞ்சி ஏன் ஓடவில்லை என்று கேட்டேன்.

சவரி எழுந்து நின்றுவிட்டான். நான் கூடத்துக்குள் வந்து எத்தனையோ காலம். "சத்தம் எதுவும் கேட்டுச்சா அண்ணி? நிறுத்தித்தானே வச்சிருக்கோம்?"

"வேலை நடக்கிறபோது ஏன் நிறுத்தினாய் என்று கேட்கிறேன்."

"நீங்க படிக்கிற நேரமாச்சே. அண்ணன் காலத்துலேர்ந்து மூணு மணிக்கு சக்‌ஷன நிறுத்திடறதுதானே."

"அண்ணன் வேலையையே நிறுத்திவிடுவார்."

சவரி வேலைக்காரர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். குழந்தைக்குச் சொல்வது போலத்தான் சொன்னான். "வேலைய எப்படி அண்ணி நிறுத்துறது? காலைல மெழுகு, அப்புறம் வார்ப்பு. அது ஆறி, ஒடச்சு அரைக்கிறதே மத்தியானத்துக்கு மேலதான். சக்‌ஷன மட்டுந்தான் நிறுத்துவாரு. மேல சத்தம் வரக்கூடாதுன்னு ஜன்னலையும் சாத்திருவாரு. 'டீச்சரம்மா பாடம் நடத்துறாங்கடா, வாயத் தொறக்காம வேலையப் பாருங்க'ம்பாரு."

தகட்டில் இருந்ததைக் குறித்துக்கொண்டேன். வருடம் 1978. மேலே வந்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

தலைவலி. திரைச்சீலைகளை வெளுக்கப் போட்டேன்.

ஜூன் 26, வியாழன்

அவருக்குக் காசம் என்று வைத்தியம் செய்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் மாத்திரை. சளியை எத்தனை முறை சோதித்தும் கிருமி இல்லை என்றுதான் வந்தது. ஒளிந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். புகை பிடிக்காதவர், ஒழுக்கமானவர், அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் எல்லோரிடமும் கேட்டேன். அமெரிக்கர்களின் காகிதத்தில் ஒரு பத்தி இருக்கிறது. இந்தப் பொடியால் நுரையீரலில் வரும் நோய் படத்தில் காசம்போலவே தெரியும் என்று. பொடி உள்ளே போவதற்கும் நோய் வெளியே தெரிவதற்கும் நடுவில் வருடங்கள் பல போய்விடுமாம்.

அவருடைய கடைசி வாரத்தில் ஒரு நாள், என் கண்ணாடியில் மருந்துத் துளி தெறித்துவிட்டது. கொடு என்று கை நீட்டினார். கழற்றிக் கொடுத்தேன். வாயருகே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். ஊத வரவில்லை. நான் வாங்கி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டேன். ஒன்றும் நடக்காததுபோல அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "இன்னைக்குப் பாடம் இல்லையா?" என்றார்.

திரைச்சீலை இன்னும் காயவில்லை. மழை வரும்போல் இருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

சவரியை மேலே கூப்பிட்டேன். வழக்கம்போல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அறுபதைத் தாண்டியவன், இந்த வீட்டில் இன்னும் நாற்காலியில் முழுதாக உட்காரமாட்டான். காப்பி கொடுத்தேன். இன்று முதல் உறிஞ்சி நாள் முழுவதும் ஓட வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், யாரும் வாயால் எதையும் ஊதக்கூடாது, திங்கட்கிழமை எக்ஸ்ரே என்று சொன்னேன்.

முதல் மூன்றுக்கும் தலையாட்டினான், முகம் மட்டும் இறங்கிவிட்டது. அண்ணன் செய்ததை நாம் மாற்றினால் அவர் தப்பாகச் செய்தார் என்று ஆகாதா என்று கேட்டான். துலூஸ்காரர்களுக்காகத்தானே இதெல்லாம், அவர்கள் வந்து பார்க்கும் அன்றைக்கு ஓட்டினால் போதாதா என்றான். எக்ஸ்ரேக்கு மட்டும் மாட்டேன் என்றான். எடுத்தால் ஏதாவது சொல்வார்களாம், சொன்னால் அது வந்துவிடுமாம்.

விதிகளை எடுத்துக் காட்டலாம் என்று தாளை வைத்திருந்தேன். காட்டவில்லை.

"சவரி, உன் அண்ணன் எதற்காக அதை நிறுத்தினார்?"

"உங்களுக்காகத்தான்."

"அதையே எனக்காக ஓட்டு. படம் எடுத்துக்கொண்டு வா. அதுவும் எனக்காகத்தான். உன் அண்ணனாக இருந்தால் நான் கேட்டு இல்லை என்று சொல்வாரா?"

அவன் காப்பியைக் குடித்து முடித்தான். தம்ளரைக் கீழே வைத்தான். "சத்தத்துல உங்களால இருக்க முடியாது அண்ணி" என்றான்.

அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஜூலை 2, புதன்

திங்களன்று சவரி போகவில்லை, செவ்வாயும் போகவில்லை. இன்று ரெஜீன் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு மேலே வந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி, ஆட்டோவில் முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அண்ணி வெயிலில் காத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் வந்துவிட்டான்.

படத்தில் இரண்டு பக்கமும் மேல்பகுதியில் புள்ளிகள் இருக்கின்றன. மருத்துவர் இளம்பெண். என்ன வேலை என்று முதலில் கேட்டாள். அவருக்கு வைத்தியம் பார்த்தபோது யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இருக்கிற வடு போகாது, பொடி இனி உள்ளே போகவே கூடாது, போகாமல் பார்த்துக்கொண்டால் நிறைய நாள் நன்றாக இருக்கலாம், நல்ல வேளையாக இப்போதாவது வந்தீர்கள் என்றாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும். சவரி இனி மெழுகு வேலை மட்டும் பார்ப்பான். வேலைக்கு இருக்கும் இருவருக்கும் அடுத்த வாரம் படம்.

ஆட்டோவில் திரும்பினோம். கடற்கரைச் சாலை திரும்பும்போது சவரி, "அண்ணனுக்கும் இதுதானா?" என்று கேட்டான். ரெஜீன் என்னைப் பார்த்தாள். வண்டிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

ஜூலை 5, சனி

அட்டவணையை முடித்தேன். நான்காவது பத்தியில் மிச்சமிருந்த கட்டத்தில் எழுதினேன்: "தூசி உறிஞ்சி கடந்த ஜூன் 27 வரை தினமும் பிற்பகல் மூன்று முதல் ஆறு வரை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அந்நேரத்தில் அரைக்கும் வேலை நடந்தது. இப்போது வேலை நேரம் முழுவதும் ஓடுகிறது. பணியாளர்களின் மார்புப் படம் எடுக்கப்படுகிறது."

ரெஜீன் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "பெரியம்மா, இப்ப ஓடுதுன்னு மட்டும் போட்டா பொய்யா? இதப் படிச்சா எவன் வேலை குடுப்பான்?"

நடைமுறை என்று தலைப்புப் போட்டிருக்கிறேன், இருந்த நடைமுறையைத்தான் எழுத முடியும் என்றேன். வேறு மாதிரி வேண்டுமென்றால் அவளே எழுதிக்கொள்ளலாம், என் கையெழுத்து அதில் இருக்காது. எதற்காக நிறுத்தினீர்கள் என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றாள்.

"மாடியில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது என்று சொல்."

தாளை எடுத்துக்கொண்டு போனாள். ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தித்தான் எடுத்துப் போனாள், கவனித்தேன்.

ஜூலை 9, புதன்

துலூஸிலிருந்து இன்னும் பதில் இல்லை. வேலைக்கு இருப்பவர்களில் ஒருவனுக்குப் படம் சுத்தமாக இருக்கிறது, மற்றவனுடையது நாளை தெரியும். வெளுத்த திரைச்சீலைகளை மாட்டினேன். ஊறுகாயில் உப்பு அடங்கியிருக்கிறது.

இன்றும் காலையிலிருந்து உறிஞ்சி ஓடிக்கொண்டிருந்தது. நாள் முழுவதும் ஓடுவது நினைத்ததைவிட மோசம். கட்டில் கால் அதிர்கிறது. சுவரில் அவருடைய படம் லேசாக ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நேராக்கினேன், மறுபடி சாய்ந்தது. சாப்பிட்டபின் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குச் சத்தம் நின்றது.

சவரியாகத்தான் இருக்கும். மெழுகு மேசையில் உட்கார்ந்திருந்தாலும் அவன் கை பொத்தானுக்குப் போயிருக்கும். வீடு முழுவதும் அந்தப் பழைய அமைதி. தெருவில் ஐஸ்காரன் மணி கேட்டது. கோயில் பக்கமிருந்து புறாச் சத்தம் கேட்டது. இருபது பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நான் வாய் திறக்கக் காத்திருந்த அதே அமைதி. அது எவ்வளவு அழகாக இருந்தது என்று மறந்திருந்தேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

பிறகு மேசையிலிருந்த அடிமட்டத்தை எடுத்துக் குனிந்து, தரையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

ஓடத் தொடங்கியது.